கக்கன் கண்ட தேர்தல்கள்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நமக்கு முன்னே நடந்து வழி வகுத்தவர்களை நினைவு கூர்வது நம் கடமையாகும். அவர்களுள் மேலூர் தும்பைப்பட்டி தந்த திரு. பூ. கக்கன் அவர்களைப் பற்றி இம்மலரில் எழுத விழைந்தோம். அவர் பெயரை அறியாத இளைஞர் நம்மிடையே இலர். ஆனால் அவரைப் பற்றி அவர்கள் அறிந்தவை யாவை என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு செய்திகளே கிடைக்கின்றன. அமைச்சராக இருந்தவர் பதவி போனபின் பேருந்தில் சென்றார் என்பது ஒன்று. அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் நோயாளிகளோடு நோயாளியாகப் படுத்திருந்தார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் போற்றத்தக்கவையே. ஆயினும் ஒரு மனிதரை எளிமையின் அடையாளமாக மட்டும் நிறுத்தி மாலையிட்டு வணங்கிவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகள் பல மறைந்து போகின்றன. சாலையில் செருப்பணிந்து நடக்கவும் உரிமையற்றிருந்த மக்களிடையே பிறந்த ஒருவர் சட்டமன்றத்திற்கு எவ்வழியாகச் சென்றார்? அவருக்கு வாக்களித்தவர் யார்? சென்றபின் அவரால் செய்ய முடிந்தது எது, முடியாமற் போனது எது? அவரைத் தோற்கடித்தது எது? இவற்றுக்கு விடை தேடினால், ஒரு தனி மனிதரின் வரலாற்றோடு நம் மக்களின் வாக்குரிமை வரலாறும் சேர்ந்து வெளிப்படும். கக்கன் அவர்கள் கண்ட தேர்தல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையில் நடைபெற்றவை. அவற்றை வரிசையாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தும்பைப்பட்டி முதல் மீனாட்சி கோயில் வரை

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் கக்கன் பிறந்தார். தந்தையார் பூசாரி கக்கன். ஊர்த் தெய்வத்துக்குப் பூசை செய்தவர் அவர். அப்பூசாரியின் மகனுக்கு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாயிற்படியை மிதிக்க அன்று உரிமையில்லை. இதைவிட அக்காலத்தின் நிலையை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

இளமையிலேயே அவர் காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டார். மதுரைப் பகுதியில் அரிசன சேவைக்குத் தம்மை ஒப்படைத்திருந்த வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். சேரிகளில் இரவுப் பள்ளி நடத்துவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வருவது, விடுதியில் தங்க வைப்பது ஆகியவையே கக்கன் அவர்களின் தொடக்ககாலத் தொண்டுகள். நம் சங்கம் இன்று செய்து வரும் பணியும் அதன் வழியில் வந்ததுதான்.

1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழுவினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும், நாடார் வகுப்பினர் ஒருவரும் அக்குழுவில் இருந்தனர். அந்த ஐவருள் ஒருவர் கக்கன். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. வழக்குகளும் தொடுக்கப்பட்டன. நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் காக்க அவ்வாண்டே சென்னை மாகாண அரசு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இங்கு நம் இளைஞர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ஐவர் கோயிலுக்குள் நுழைந்தது துணிவு. அத்துணிவு நிலைபெற்று நின்றது சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியதால். தெருவில் எழும் போராட்டத்துக்கும் சட்டமன்றத்தில் உயரும் கைகளுக்கும் உள்ள தொடர்பு அன்றே கக்கனுக்குப் புலனாகியிருக்கும் என்று நாம் கருதுகிறோம். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் அவர் சிறை சென்றார்.

நியமனக் காலமும் பூனா ஒப்பந்தமும்

கக்கன் அவர்களின் தேர்தல்களுக்குச் செல்லுமுன், அவருக்கு முந்திய தலைமுறையின் நிலையை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் பிரதிநிதிகள் பெரும்பாலும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். நியமன உறுப்பினர்கள் என்பதற்காக அவர்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் கொண்டு வந்து நிறைவேற்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் நியமனம் பெற்ற உறுப்பினரே. ஆனால் நியமனம் என்பது மேலிருந்து தரப்படுவது. தந்தவர் மனம் மாறினால் இருக்கையும் மாறும்.

1932ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிரதமரின் வகுப்புவாரித் தீர்ப்பு தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. அத்தொகுதிகளில் வேட்பாளரும் நம்மவர், வாக்காளரும் நம்மவர். இதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். முடிவில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்தது. அதன்படி மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் நமக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. வகுப்புவாரித் தீர்ப்பில் சென்னைக்குக் கிடைத்திருந்தவை 18 மட்டுமே. இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் வேட்பாளர் நம்மவராயினும் வாக்காளர் எல்லா வகுப்பினரும் ஆயினர்.

நம் இளைஞர்களில் பலர் 'தனி வாக்காளர் தொகுதி'யையும் இன்றைய 'தனித்தொகுதி'யையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்கின்றனர். முன்னது 1932இல் கைவிட்டுப் போனது. இன்று நாம் காண்பது பின்னது. தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவராகவே இருத்தல் வேண்டும். வெற்றியை முடிவு செய்வோர் அனைவரும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் கக்கன் அவர்களின் அரசியல் வாழ்வு விளங்கும்.

முதல் தேர்தல்: மக்கள் வாக்களிக்காத தேர்தல்

1946ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. அச்சட்டமன்றங்களும் சொத்து, வரி, எழுத்தறிவு ஆகிய தகுதிகளால் வரையறுக்கப்பட்ட வாக்காளர்களால் அமைந்தவையே. நிலமற்ற நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் இடம்பெறாதவர்கள். அச்சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் இருந்தோருள் கக்கன் அவர்களும் ஒருவர். வி. ஐ. முனுசாமிப் பிள்ளை, அம்மையார் தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரும் அவ்வாறே சென்னையிலிருந்து சென்றவர்கள்.

எந்தச் சபைக்கு அவர் மக்கள் வாக்கின்றிச் சென்றாரோ, அந்தச் சபைதான் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய சட்டத்தை வகுத்தது. வரைவுக் குழுவின் தலைவராக அம்பேத்கர் இருந்தார். அரசமைப்பின் 326ஆம் பிரிவு வாக்குரிமையைத் தந்தது. 330, 332ஆம் பிரிவுகள் மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் நமக்கு இடங்களை ஒதுக்கின. இனி நம் தாயும் தந்தையும், கையெழுத்துப் போட அறியாதவராயினும், வாக்காளர் ஆயினர்.

இரண்டாம், மூன்றாம் தேர்தல்கள்: இரட்டை உறுப்பினர் தொகுதி

1952ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில் கக்கன் அவர்கள் மதுரை மக்களவைத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடத்தில் வெற்றி பெற்றார். 1957இல் மேலூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்விரண்டும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள்.

இம்முறை இன்று மறைந்துவிட்டதால் சற்று விளக்குவோம். அன்று ஒதுக்கப்பட்ட இடம் தனியாக ஒரு தொகுதியாக அமையவில்லை. பெரிய தொகுதி ஒன்றுக்கு இரு உறுப்பினர்கள். ஒன்று பொது இடம், மற்றொன்று ஒதுக்கப்பட்ட இடம். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளித்தல் கூடாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் அவர் சின்னம் ஒட்டிய தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டிருக்கும். சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை. விரும்பிய பெட்டியில் சீட்டை இட்டுவிட்டு வர வேண்டியதுதான். மறைவில் வைத்த பெட்டிகளின் முன் நின்று தம் இரு சீட்டுகளையும் எந்தெந்தப் பெட்டியில் இடுவது என்று திகைத்ததைப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

1952இல் பழைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுக்கு 309 தொகுதிகள் இருந்தன. அவற்றுள் 66 இரட்டைத் தொகுதிகள். மொழிவாரிப் பிரிவினைக்குப் பின் 1957இல் 205 இடங்களுக்கு 167 தொகுதிகள். இரட்டைத் தொகுதிகள் 38.

இம்முறையில் நன்மையும் இருந்தது, தீமையும் இருந்தது. நம் வேட்பாளரும் பிற வகுப்பு வேட்பாளரும் ஒரே கட்சியின் சார்பில் ஒரே மேடையில் நின்று வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. ஊருக்குள் காலடி வைக்க அஞ்சிய தெருக்களில், கட்சித் துணைவரோடு சேர்ந்து நம்மவரும் நுழைந்தார். இது நன்மை. பரந்த தொகுதி முழுவதும் சுற்றிவரப் பணமும் வண்டியும் ஆளும் வேண்டியிருந்தமையால், பெரிய கட்சியின் துணையின்றி நம்மவர் ஒருவர் வெல்லுதல் அரிதாயிற்று. இது தீமை.

அத்தீமைக்கு நெஞ்சை உறுத்தும் சான்று ஒன்று உண்டு. கக்கன் மதுரையில் வென்ற அதே 1952ஆம் ஆண்டுத் தேர்தலில், வடக்குப் பம்பாய் இரட்டைத் தொகுதியின் ஒதுக்கப்பட்ட இடத்துக்கு நின்ற அண்ணல் அம்பேத்கர் தோல்வியுற்றார். அவரை வென்றவர் காங்கிரசின் சார்பில் நின்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினரான நாராயண் கஜ்ரோல்கர். அரசமைப்பை வரைந்தவரால் வெல்ல முடியவில்லை. ஆளும் கட்சியின் வேட்பாளர் வென்றார். நம் மக்களுக்கென ஒதுக்கிய இடத்தில் யார் அமர்வது என்பதை நம் மக்கள் மட்டுமே முடிவு செய்யவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆயினும் எல்லா இடங்களிலும் ஆளும் கட்சியே வென்றது என்று கூறுவதும் உண்மையாகாது. 1957இல் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் அம்பேத்கர் இயக்கத்தைச் சார்ந்த ந. சிவராஜ் அவர்கள் வென்றார். அவ்வாண்டே பெரம்பூர்ச் சட்டமன்றத் தொகுதியில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சத்தியவாணி முத்து அம்மையார் வென்றார். வழிகள் பல இருந்தன. கக்கன் அவர்கள் தேர்ந்தது அவற்றுள் ஒன்று.

அமைச்சர் கக்கன்

1954இல் காமராசர் முதலமைச்சரானபோது, அவர் விட்டுச் சென்ற தமிழ்நாடு காங்கிரசுத் தலைவர் பொறுப்பு கக்கன் அவர்களிடம் வந்தது. அவ்வமைச்சரவையிலேயே ஆதிதிராவிடரான பி. பரமேசுவரன் இந்து அறநிலையத் துறைக்கும் பொறுப்பேற்றிருந்தார். எக்கோயிலில் நம்மவர் நுழைதல் கூடாது என்றனரோ, அக்கோயில் நிர்வாகமே நம்மவர் ஒருவரின் கையொப்பத்துக்குக் காத்திருந்தது.

1957 ஏப்ரல் 13ஆம் நாள் கக்கன் பொதுப்பணித் துறை அமைச்சரானார். அரிசன நலத் துறையும் அவரிடம் இருந்தது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது அவர் பொதுப்பணித் துறையைக் கவனித்த காலத்தில்தான். பெரியாறு, வைகைப் பாசனத்தை நம்பி வாழும் மேலூர்ப் பகுதி மனிதருக்கு இத்துறை கிடைத்தது பொருத்தமே. 1962இல் வேளாண்மைத் துறையும், 1963 அக்டோபர் 3 முதல் உள்துறையும் அவர் பொறுப்பில் வந்தன. ஒரு காலத்தில் காவலரைக் கண்டால் ஒதுங்கி நின்ற மக்களின் பிள்ளை காவல் துறையின் அமைச்சரானதில் சேரிகள் அடைந்த பெருமிதம் சிறிதன்று.

ஆனால் பெருமிதம் ஒன்றையே எழுதிவிட்டுச் சென்றால் அது வரலாறு ஆகாது. அணை நிறைந்தது; கால்வாயில் நீர் ஓடியது. நிலம் உடையவன் பயிர் செழித்தது. நிலமற்ற நம் மக்களுக்குக் கிடைத்தது கூடுதல் நாள் கூலி. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என வரம்பு கட்டிய போதிலும், பெருநிலங்கள் பல பெயர்களில் பிரிந்து நின்றன. நீரைத் தந்த அமைச்சரால் நிலத்தைத் தர முடியவில்லை. அது தனி ஒருவரின் குறையன்று. நிலவுடையோரின் செல்வாக்கு மிக்க ஓர் ஆட்சியின் எல்லை அது.

கக்கன் அமைச்சரான அதே 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர்க் கலவரத்தை ஒட்டி அதற்கு முந்தைய நாள் நடைபெற்ற அமைதிக் கூட்டத்தில் அவர் நம் மக்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டிருந்தார். கோட்டையில் நம்மவர் அமைச்சராக வீற்றிருக்க முடிந்த ஆண்டில், பரமக்குடியில் நம்மவர் சமமாக அமர்ந்து பேசியமைக்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்விரு நாற்காலிகளுக்கும் இடையில் இருந்த தூரமே அன்றைய தமிழகம்.

நான்காம் தேர்தல்: தனித்தொகுதி

1957இல் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் இரட்டை முறையில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இடம் போகப் பொது இடத்தையும் பழங்குடி வேட்பாளரே கைப்பற்றினார். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி. அவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1959இல் அவ்வெற்றி செல்லும் என்றது. ஒதுக்கப்பட்ட வகுப்பினர் பொது இடத்தையும் வெல்லலாம் என்பது அதனால் உறுதிப்பட்டது. இதன் பின்னர் 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே உறுப்பினர். சில தொகுதிகள் முழுவதும் ஒதுக்கப்பட்டவை. இன்று நாம் அறிந்த தனித்தொகுதி பிறந்தது இவ்வாறுதான்.

1962இல் கக்கன் சமயநல்லூர்த் தொகுதியில் நின்று வென்றார். வாக்களிக்கும் முறையும் மாறியிருந்தது. பல பெட்டிகள் போய், ஒரே வாக்குச்சீட்டில் முத்திரையிடும் வழக்கம் வந்தது. தனித்தொகுதியில் இரு பெருங்கட்சிகள் மோதினாலும் வேட்பாளர் இருவரும் நம்மவரே. எனவே வெற்றி பிற வகுப்பினரின் வாக்கைப் பெரிதும் சார்ந்தது. அவ்வாக்கைத் திரட்டித் தருவது கட்சி. கட்சியின் சொல்லை மீறி நம் மக்களுக்காகக் குரல் எழுப்பும் உறுப்பினருக்கு அடுத்த முறை இடம் கிடைக்குமா என்னும் ஐயம் அன்று தொட்டு இன்று வரை தீர்ந்தபாடில்லை.

ஐந்தாம் தேர்தல்: தோல்வி

1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, பலர் மாண்டனர். முதலமைச்சராக எம். பக்தவத்சலம் இருந்தார், உள்துறை கக்கன் பொறுப்பில் இருந்தது. தனி வாழ்வில் எவர் மனமும் நோகாதபடி நடந்துகொண்டவர் என்று பெயர் பெற்ற ஒருவர், குண்டடிபட்டு வீழ்ந்த மாணவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்சியின் அமைச்சராக நின்றார். அவரைப் போற்றி எழுதுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். நாம் அவ்வாறு செய்யலாகாது. பதவியின் பெருமையில் பங்கு கொண்டவர் அதன் பழியிலும் பங்கு கொள்ளுதல் வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்பதன் பொருள் அதுவே.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் மொழிக் கிளர்ச்சியும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தின. 234 இடங்களில் திராவிட முன்னேற்றக் கழகம் 137 இடங்களைப் பெற்றது. காங்கிரசு 51 இடங்களோடு நின்றது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவத் தலைவரிடம் தோற்றார். மேலூர் தெற்குத் தொகுதியில் கக்கன் அவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஓ. பி. இராமனிடம் தோற்றார். பத்தாண்டு அமைச்சர் வாழ்வு, சொந்த மண்ணான மேலூரிலேயே முடிவுற்றது.

தோல்வியை அவர் அமைதியாக ஏற்றார். தீவிர அரசியலிலிருந்து விலகினார். அரசு வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குச் சென்றார். அரசு வண்டியை விட்டுப் பேருந்தில் ஏறினார். மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் அவர் படுத்திருந்ததை, வேறொருவரைக் காண வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிந்து நேரில் சென்று பார்த்த செய்தி நாடறிந்தது. 1981 டிசம்பரில் கக்கன் மறைந்தார். 1999இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது.

இரு வகை மதிப்பீடு

கக்கன் அவர்களைப் பற்றி நம் மக்களிடையே இரு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அவர் கட்சியின் மனிதரேயன்றி நம் மக்களின் மனிதரல்லர் என்பார் ஒரு சாரார். அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இதற்கு அஞ்சித்தான் என்றும், கட்சித் தலைவர்களின் நம்பிக்கையைப் பெற்றவரே உயர முடிந்தது என்றும் அவர்கள் சுட்டுவர். சத்தியவாணி முத்து அம்மையார் 1974இல் அமைச்சர் பதவியைத் துறந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டதை அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவர். பெரிய கட்சிக்குள் இருந்துகொண்டே அணை, பள்ளி, விடுதி, வேலை எனப் பலவற்றைப் பெற்றுத் தந்தவர்கள் கக்கன் போன்றோரே என்பார் மற்றொரு சாரார்.

இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனர் என்பதே நம் கருத்து. கக்கன் கட்சியைச் சார்ந்து நின்றார் என்பது மெய். அவர் சென்ற வாசல் அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. அவ்வாசலை அமைத்தவர் அவரல்லர். ஆனால் அவ்வாசல் வழியே சென்றவர்களில் பலர் செய்ய முடியாத ஒன்றை அவர் செய்தார். பத்தாண்டுகள் பொதுப்பணித் துறை முதல் உள்துறை வரை கையாண்டும் தமக்கென எதையும் சேர்க்காமல் வெளியேறினார். நம்மவர் ஆளத் தகுதியற்றவர் என்று பழித்தோரின் வாயை அது அடைத்தது. எனினும் தூய்மை ஒருவரின் அறமாகும். அது நம் மக்கள் அனைவரின் உரிமைக்கு ஈடாகாது. அவர் ஏழையாக இறந்தார் என்பதில் பெருமை கொள்ளும் நாம், அவர் தொகுதியில் நம் மக்கள் ஏழைகளாகவே இருந்தனர் என்பதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும்.

மேலூர் மண்ணில் பின்னர் நிகழ்ந்தது

கக்கன் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் இடஒதுக்கீடு வந்தது. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில், அவர் பிறந்த அதே மேலூர் வட்டத்தில், மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்குத் தேர்தல் தடைகளுக்கிடையே நடந்தது. வென்ற முருகேசன் 1997 சூன் 30ஆம் நாள் பட்டப்பகலில் பேருந்தை மறித்துத் தம் துணைவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். மதுரை மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகளாக முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை. போட்டியிட ஆள் வராமலோ, வென்றவர் உடனே பதவி விலகியோ நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன.

இதே மண்ணில் 1957இல் எல்லா வகுப்பினரும் வாக்களித்து நம்மவர் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஊராட்சி அலுவலக நாற்காலியில் நம்மவர் ஒருவர் அமர்வதைச் சிலரால் பொறுக்க முடியவில்லை. சென்னையில் உள்ள நாற்காலி தொலைவில் உள்ளது. ஊர் நாற்காலி கண்ணெதிரே உள்ளது. தொலைவில் இருந்த அதிகாரத்தைச் சகித்துக் கொண்டவர்கள், கண்ணெதிரே வந்த அதிகாரத்தை எதிர்த்தனர். சட்டம் இருக்கையை ஒதுக்கும். அதில் அமர்ந்து பணியாற்றும் உரிமையைக் காப்பது விழிப்புள்ள மக்களே.

இளைஞர்களுக்கு

இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 44 ஆதிதிராவிடர்க்கும் 2 பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. 1950இல் பத்தாண்டுகளுக்கென வகுக்கப்பட்ட இவ்வொதுக்கீடு ஒவ்வொரு பத்தாண்டும் நீட்டிக்கப்பட்டு, இறுதியாக 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2030 வரை தொடர்கிறது. ஒவ்வொரு நீட்டிப்பும் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பைச் சார்ந்தது. எனவே இது நமக்கு நிலையாகக் கிடைத்துவிட்ட சொத்தன்று என்பதை உணர்தல் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தின் பிள்ளைகள் கக்கன் அவர்களிடமிருந்து எளிமையை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. வாக்காளர் பட்டியலில் தம் தெருவினர் அனைவரின் பெயரும் உள்ளதா எனப் பார்க்கக் கற்க வேண்டும். தொகுதிகள் எவ்வாறு வரையப்படுகின்றன, ஒதுக்கீடு எவ்வாறு சுழல்கிறது என்று அறிய வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துக்கென ஒதுக்கிய பணம் எங்குச் செலவாகிறது என்று வரவு செலவுத் திட்டத்தைப் படித்துக் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும் நம் உறுப்பினரிடம், சட்டமன்றத்தில் எத்தனை முறை எழுந்து நம்மைப் பற்றிப் பேசினீர் என்று வினவும் துணிவு வேண்டும். தன் கட்சிக்கு அஞ்சும் உறுப்பினர், தன்னைக் கேள்வி கேட்கத் தெரிந்த வாக்காளருக்கும் அஞ்சியே தீர்வார்.

இவையனைத்துக்கும் எழுத்தறிவும் ஏட்டறிவும் தேவை. தும்பைப்பட்டியில் இரவு விளக்கொளியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துக் கற்பித்த இளைஞரே பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். அவர் தொடங்கிய இடம் பள்ளி. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கும் இடமும் அதுவே. அவர் ஐந்து தேர்தல்களைக் கண்டார்; நான்கில் வென்றார், ஒன்றில் தோற்றார். வெற்றி தோல்விகள் அவரோடு முடிந்தன. அவர் விட்டுச் சென்ற கேள்விகள் முடியவில்லை. அவற்றுக்கு விடை காணும் தலைமுறை இம்மலரைப் படிக்கும் இளைஞர்களிடமிருந்து எழ வேண்டும் என்பதே நம் விழைவு.